தூணோரம் கிடந்த இட்லி

செவலை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது மூன்றாம் நாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் நாயைப் பார்த்துத் தெரியவில்லை. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தூணுக்குப் பின்னால் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறதென்று குனிந்து பார்த்தேன். மூன்று இட்லி. ஓரத்தில் கத்தரிக்காய்க் கோசமல்லி ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

செவலைக்கு நான் இட்லி வைப்பதில்லை. இரண்டாங்கட்டில் அதற்கென்று ஒரு வட்டில் உண்டு. சோறும் அவித்த முட்டையும் அதில்தான் போடுவேன். அந்த வட்டில் தினமும் காலியாகத்தான் இருந்தது. காக்கையும் பக்கத்து வீட்டுப் பூனையும் காலிசெய்திருக்கின்றன என்பது பிறகுதான் புரிந்தது. வட்டில் காலியானால் நாய் தின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. நின்று பார்க்க வேண்டும். அன்றிலிருந்து அது தின்று முடிக்கும்வரை நான் அங்கேயே நிற்கிறேன்.

எங்கள் வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற பழைய வீடு. கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் பங்காளிகள் வந்து நிறைவார்கள். மற்ற நாளில் ஆத்தா, நான், செவலை மூன்று பேர்தான். மகளின் படிப்புக்காக வீட்டுக்காரி சென்னையில் இருக்கிறாள். ஆத்தா என்றால் என் அம்மா. வயது எண்பத்தொன்று. பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். செவலை ஒரு மழை நாளில் முகப்புத் திண்ணைக்கு அடியில் வந்து படுத்த நாட்டு நாய். போகச் சொல்ல மனம் வரவில்லை.

இவ்வளவு பெரிய வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? எனக்கு ஐந்து நண்பர்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூட நேரில் பார்த்தவர் இல்லை. நாய் வளர்ப்பதை வைத்து வாட்ஸப்பில் பழக்கமானவர்கள். கோயம்புத்தூரில் ஒரு அக்கா, சிங்கப்பூரில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, தேவகோட்டைக்காரர் ஒருவர், இன்னும் இரண்டு பேர். அவரவர் வீட்டு நாய், பூனை, அப்பா, அம்மா, பேரப்பிள்ளை எல்லாருடைய காய்ச்சலும் எங்களுக்குள் வந்துவிடும். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அக்கா வைத்தது. “மருந்துப் பேரைக் கேக்காதீங்க, சொல்லாதீங்க. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்க.” அந்தக் கட்டுப்பாட்டின் அருமை எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

செவலையைத் தொட்டுப் பார்த்தேன். மூக்கு ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. காய்ச்சல் இல்லை, வெயில் அசதிதான் என்று அக்காவுக்குச் செய்தி போட்டேன். உடனே கூப்பிட்டுவிட்டார். “மூக்கை விடுங்க தம்பி. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. விரலால் ஒரு அழுத்து அழுத்தி விட்டால் ரெண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பணும்.” தூக்கிப் பார்த்தேன். சாதாரணமாக நம் உதட்டுக்கு உள்பக்கம் போல ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. கீழுதட்டின் உள்ளே குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் தேங்காயெண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்தேன். 104.6. நாய்க்கு 101-லிருந்து 102.5 டிகிரி வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்கிற கணக்கு அதற்கு இயல்பான சூடு. அதனால்தான் கையால் தொட்டு எதையும் சொல்ல முடியாது.

எதிர்வீட்டில் அரை பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் நமக்கு எழுதும் காய்ச்சல், வலி மாத்திரைகளை நாய்க்கு நாமாகக் கொடுக்கக் கூடாது. ஈரலும் சிறுநீரகமும் கெட்டுவிடும். பூனைக்கு ஒரு பாராசிட்டமாலே உயிரை எடுக்கப் போதும். இதைப் பூனை வைத்திருக்கிற எல்லாரிடமும் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் காது மடலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே இரண்டு உண்ணிகள், பச்சைப்பட்டாணி போல ரத்தம் குடித்து உப்பியிருந்தன. ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் 41,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. எர்லிக்கியா என்கிற கிருமி, உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள்.

அங்கே டாக்டர் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்குப் பாடம். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்றார். சோறு, முட்டை என்றேன். வேறு? இட்லி கிடந்ததைச் சொன்னேன். தொட்டுக்க? கோசமல்லி. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோசமல்லியில் கத்தரிக்காய் எவ்வளவோ வெங்காயமும் அவ்வளவு. வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அது இன்னும் கெடுதல். நம் ஊர்ச் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு எது இருக்கிறது? மிச்சக் கறிக்குழம்புச் சோற்றை நாய்க்குப் பிசைந்து வைப்பதைப் பாசம் என்றே நினைத்து வளர்ந்தவன் நான். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெந்த கோழியெலும்பு இதெல்லாமும் ஆகாது.

அடுத்து, உண்ணிக்கு இதுவரை என்ன போட்டீர்கள் என்று கேட்டார். முதலில் மண்ணெண்ணெய் தடவினோம், தோல் வெந்துவிட்டது. பிறகு கடையில் ஒரு பாட்டில் வாங்கி வாளியில் கலந்து ஊற்றினேன். பாட்டிலைப் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். அமிட்ராஸ். “வீட்டில் சுகர்காரங்க யாரும் இருக்காங்களா?” என்றார். நாய்க்குப் போடுகிற மருந்துக்கும் ஆத்தாவின் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தேன். அந்த மருந்து ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது, சர்க்கரை நோய் உள்ளவர்கள் கையாளவே கூடாது, மற்றவர்களும் கையுறை போட்டுத்தான் கலக்க வேண்டும் என்றார். நான் வெறுங்கையால் கலந்திருந்தேன். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து நாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாவிடம் கேட்டேன். “ஏன் ஆத்தா, நீங்கதான் அதுக்கு இட்லி போட்டீங்களா?”

“ஆசையா வந்து நின்டுச்சுப்பு. வாயில்லாச் சீவன்.”

அதோடு விட்டுவிட்டேன். ராத்திரி நண்பர்களிடம் செவலை கதையை முழுக்கச் சொல்லி, இட்லி சமாச்சாரத்தையும் சொல்லிவிட்டுப் படுத்தேன். சிங்கப்பூர்த் தங்கை ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். “அண்ணே, மூணு இட்லியையும் நாய்க்குப் போட்டுட்டு ஆச்சி என்ன சாப்பிட்டாங்க? அவங்க சுகர் மாத்திரை போடறாங்களா இல்லையா?” செய்தியைக் கேட்டதும் திக்கென்றது. வளவோரப் பத்தித் தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தால் ஆத்தா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போதே எழுப்பி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இதை இன்றுவரை நினைத்து நினைத்து வருந்துகிறேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு வளவில் ஏதோ உருண்ட சத்தம். ஆத்தாவின் செம்பு. போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கண்டாங்கிச் சேலை முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, இறந்துபோன என் அப்பாவிடம், எங்கள் அப்பச்சியிடம் பேசுவதுபோல, “கடையைப் பூட்டியாச்சா?” என்று கேட்டார். குளுக்கோமீட்டரில் 52.

எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. அவர் நினைவோடு இருந்தார், விழுங்க முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தேன், 68. இன்னொரு முறை அதே அளவு. அடுத்த பதினைந்து நிமிஷத்தில் 97. அதன்பிறகு ஒரு இட்லியை மோரில் கரைத்து ஊட்டினேன். வெறும் சர்க்கரைத் தண்ணீரோடு விட்டால் திரும்பவும் இறங்கும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்த வரியை எங்கள் அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தெளிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார் என்பது அங்கே உறுதியானது. அவர் எடுப்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிற வகை. சாப்பாடு உள்ளே போகிறதோ இல்லையோ அது தன் வேலையைச் செய்துவிடும். வயதானவர்களுக்கு அதன் வேகம் நெடுநேரம் நிற்கும் என்பதால் ஒரு நாள் முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மாத்திரை அளவைக் குறைத்தார்கள். இந்த வயதில் சர்க்கரை கொஞ்சம் கூட இருப்பதைவிடத் திடீரென்று இறங்குவதுதான் பயம், இளவயதுக்காரர்களுக்கு வைக்கிற கட்டுப்பாட்டை இவருக்கு வைக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

ஏன் சாப்பிடவில்லை? அதற்கும் காரணம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார். “பல்லு குத்துதப்பு. உன்கிட்டச் சொன்னா உன்னைய அலைய விட்டதாப் போயிரும். நாய்க்கு வேற வைத்தியம் பாக்குற.” பல் செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கீழ் ஈறில், இடதுபக்கம், அரிசி அளவுக்கு ஒரு புண். செட் தளர்ந்து உராய்ந்து உராய்ந்து வந்தது. உடம்பு இளைத்ததும் செட் தளர்ந்தது, செட் தளர்ந்ததும் சாப்பாடு குறைந்தது. ஒரே நாளில் இரண்டு ஈறுகளைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டியவன், நாயுடையதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

தடயங்கள் இல்லாமல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண் அதற்கு இரண்டு வாரம் முன்பே, “ஆச்சி, ரவிக்கை தொளதொளன்னு ஆயிருச்சே” என்று சிரித்துக்கொண்டே சொன்னது. நானும் சிரித்தேன். 2021-இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து மாத்திரைக்கு அலைச்சல் மிச்சம் என்று மட்டும் நினைத்தேனே தவிர, வாசலுக்கு வருகிற இன்னொரு ஜோடிக் கண்ணும் அதுதான் என்று நினைக்கவில்லை. இப்போது அந்தப் பெண் வந்தால் உட்காரவைத்து, போன மாதத்துக்கு இந்த மாதம் ஆத்தா எப்படித் தெரிகிறார் என்று கேட்கிறேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இளைப்பு தெரிவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நோட்டுப் போட்டேன். அப்பச்சி வைத்துவிட்டுப் போன நீளக் கணக்கு நோட்டுகள், சிவப்பு அட்டை போட்டது, பெட்டகத்தில் எழுதாமல் கிடந்தன. ஒன்றை எடுத்து இடப்பக்கம் ஆத்தா, வலப்பக்கம் செவலை என்று கோடு போட்டேன். ஆத்தா பார்த்துவிட்டு, பிள்ளையார் சுழி போடாமல் கணக்குத் தொடங்குவதா என்று வாங்கி, நடுங்கும் கையால் மேலே ‘உ’ போட்டுக் கொடுத்தார். ஆத்தா பக்கத்தில்: காலை, மதியம், ராத்திரி என்ன சாப்பிட்டார், எவ்வளவு, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, சர்க்கரை அளவு, வெளிக்குப் போனது, வாரம் ஒருமுறை எடை. செவலை பக்கத்தில்: தின்றது, குடித்த தண்ணீர், சிறுநீரின் நிறம், சூடு, ஈறு, மாத்திரை. நாளைக்கு ஐந்து நிமிஷ வேலை. அடுத்த முறை டாக்டர் “எப்போதிலிருந்து?” என்று கேட்டபோது முதல்முறையாகத் தேதியைச் சொன்னேன். “கொஞ்ச நாளா” என்று சொல்கிறவர்களுக்கு எந்த டாக்டராலும் பாதி வைத்தியம்தான் செய்ய முடியும். நண்பர்களுக்கும் இதையேதான் படமெடுத்து அனுப்புகிறேன். “பாவம், சோர்ந்து கிடக்கு” என்றால் எதிரில் இருப்பவருக்கும் பாவம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

செவலைக்கு மாத்திரை போடுவது பெரும்பாடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி, அதனால் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பாலில், தயிரில் கலந்து கொடுக்கக் கூடாது, சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். முட்டைக்குள் மறைத்து வைத்தால் முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. வாயைத் திறந்து போடும்போது ஐந்தாம் நாள் அதன் பல் என் ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. கடிக்க வந்த கீறல் இல்லை, ஆனாலும் ரத்தம் வந்தது. ஆத்தா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு வந்தார். தேவகோட்டைக்காரர் அந்நேரம் லைனில் இருந்தது நல்லதாகப் போயிற்று. “முதல்ல குழாயடிக்குப் போங்க. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு.” பதினைந்து நிமிஷம் என்பது கையை நீட்டி நிற்கும்போது எவ்வளவு நீளம்! செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதே, எனக்கு எதற்கு என்று கேட்டேன். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள் என்றார். போனேன். இலவசம்தான். முதல் நாள், பிறகு மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். வெறிநோய் வந்தபின் வைத்தியம் கிடையாது. இதில் யாரும் மனக்கணக்குப் போடக் கூடாது.

மூன்றாம் நாளே செவலை வாலை ஆட்டியது. பத்தாம் நாள் பழையபடி தெருவைப் பார்த்துக் குரைத்தது. நோய் போய்விட்டது, மாத்திரை போதும் என்று தோன்றுகிற கட்டம் அதுதான். நிறுத்தவில்லை. 28 நாளும் கொடுத்தோம்.

ஆனால் உண்மையான வேலை நாயிடம் இல்லை, வீட்டில் இருந்தது. நாயின் மேல் நாம் பார்க்கிற உண்ணி கொஞ்சம்தான். முட்டையும் குஞ்சும் பசியோடு காத்திருப்பதும் சுவரில்தான் இருக்கும். இந்தப் பழுப்பு உண்ணி தன் வளர்ச்சியின் மூன்று பருவத்திலும் ஒவ்வொரு முறை ரத்தம் குடித்துவிட்டு நாயைவிட்டு இறங்கிவிடும். சுவரேறி, இடுக்கு பார்த்து ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சை வளவுத் தூணில் சாய்த்துப் பிடித்தேன். தேக்குத் தூண் கல் பீடத்தில் உட்காருகிற இடத்தில் ஒரு விரிசல். அதிலிருந்து எள் அளவில் ஐந்தாறு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஆத்தாவின் கட்டில் கால் அங்கிருந்து இரண்டு முழம். நிலைக்கதவின் மூலையில், ஆத்தங்குடித் தரைக்கல்லும் சுவரும் சேருகிற ஓரத்தில், எல்லா இடத்திலும் இருந்தன.

விரலால் நசுக்கக் கூடாது, அதன் ரத்தம் நம் கையில் படும். செல்லோடேப்பில் ஒட்டி எடுத்து மடித்துப் போட்டேன். நாயின் மேல் இருப்பதைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். கொத்தனாரை வைத்துத் தூணடியிலும் நிலையோரத்திலும் இடுக்குகளை அடைத்தோம். செவலையின் சாக்கைக் கொதிநீரில் அலசி வாரம் ஒருமுறை வெயிலில் போட்டேன். நாய்க்கு மாதம் ஒருமுறை உண்ணி மாத்திரை, டாக்டர் எடை பார்த்துக் கொடுப்பது. மேலே ஊற்றுகிற சொட்டு மருந்து வேண்டாமென்று சொல்லிவிட்டேன், அடுத்த வீட்டுப் பூனை செவலையோடு ஒட்டிப் படுக்கும். நாய்ச் சொட்டு மருந்து சிலவற்றில் இருக்கிற பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். ஒரு தடவை பிடித்ததோடு உண்ணி ஒழியாது. தீனியில்லாமலே மாதக்கணக்கில் இடுக்கில் கிடக்கும். மூன்று மாதம் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் டார்ச் எடுத்தேன். கடைசி நான்கு சனிக்கிழமை நோட்டில் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறது.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் எங்கள் வீடுகளில் இழை எடுத்துக்கொள்வோம். இருபத்தோரு நூலிழைத் திரியை வெல்ல மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வது. அன்று பகலில் ஆத்தா எதுவும் சாப்பிட மாட்டார். எண்பத்தொரு வயதில் அதை விடச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னாலும் கேட்கிறவர் இல்லை. ஒரு வாரம் முன்பே நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். காலை மாத்திரையை அன்று நிறுத்தச் சொன்னார். பகலில் பாலும் பழமும் எடுக்க ஆத்தா ஒப்புக்கொண்டார். பிள்ளையாருக்கு அதில் கோபமில்லை என்று அவரே தீர்ப்பும் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்தேன். தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. சாயங்காலம் குத்துவிளக்கின் முன் இழை எடுத்துக்கொண்டார். புதுப் பல் செட்டோடு.

அன்று ராத்திரி நோட்டை நான் எழுதவில்லை. நான் வருவதற்குள் ஆத்தாவே எழுதி வைத்திருந்தார். “இட்லி 2. நான் தின்டது. நாய்க்குக் குடுக்கலை.”

செவலைக்குத் தட்டணுக்கள் 2,10,000 வந்துவிட்டன. தை மாதத்தில் இன்னொரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். ஆத்தாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையும் அதே வாரம்தான் வருகிறது. ஒரே காரில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். பின் சீட்டில் போட சாக்குத் துவைத்துக் காய்கிறது.